பச்சை விளக்கு எரியலையா? முதல்ல பிளேனை ஓட்டுங்க – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீல் உள்ள மடங்கற சின்ன பிளேன்களைப் பத்தி எழுதினதுல இருந்து கேள்விகள் வந்து குவிஞ்சு கிடக்கு. பாதி பேர் கேட்டது ஒரே விஷயம்தான், வேற வேற வார்த்தையில. அதையெல்லாம் சேர்த்து ஒண்ணாக்கியிருக்கேன். முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: உங்க பிளேனோட ஹேண்ட்புக் ஒண்ணு சொல்லி நான் வேற ஒண்ணு சொன்னா, ஹேண்ட்புக்தான் சரி. நான் எழுதறது பொதுவா.

கேள்வி: சார், இப்பதான் பைப்பர் ஆரோவுக்கு (வீல் மடங்கற சின்ன பிளேன்) மாறியிருக்கேன். கியர், அதாவது இறங்கற வீல், அதோட லீவரைக் கீழ போட்டதும் வீலுக்கு ஒண்ணா மூணு பச்சை விளக்கு வரணும். ரெண்டுதான் வந்துச்சுன்னா என்ன பண்றது? எங்க இன்ஸ்ட்ரக்டர் கிட்ட கேட்டா "முதல்ல மேல ஏறு, அப்புறம் யோசி"ன்னு மட்டும் சொல்றார். பதில் அவ்ளோதானா?

பதில்: பாதி பதில் அவ்ளோதான் தம்பி, உங்க இன்ஸ்ட்ரக்டர் விஷயம் தெரிஞ்சவர். வீல் இறங்கலன்னா பிளேன் விழுந்துடாது, அது பாட்டுக்குப் பறந்துட்டுதான் இருக்கும், டேங்க்ல எரிபொருள் இருக்கற வரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு. எஞ்சின் நின்னாலோ தீப்பிடிச்சாலோ இந்த வசதி கிடையாது. ஆனா இந்தப் பிரச்சனை வந்தவுடனே நிறைய பேர் பண்றது என்னன்னா, தரையில இருந்து ஆயிரம் அடி கூட இல்லாத உயரத்துல, சுத்தி மத்த பிளேனெல்லாம் இறங்கிட்டிருக்கற சர்க்யூட்லயே (ரன்வேயைச் சுத்தி வர்ற பாதை) தலையைக் கீழ குனிஞ்சு அந்த விளக்கை நோண்ட ஆரம்பிக்கறது, ஸ்பீடு குறையறது தெரியாது, உயரம் குறையறது தெரியாது.

1972 டிசம்பர் 29 ராத்திரி ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-க்கு நடந்தது இதுதான். பெரிய ட்ரைஸ்டார் ஜெட், மயாமியில இறங்கப்போற நேரத்துல மூக்கு வீலோட பச்சை விளக்கு வரல. 2000 அடியில ஆட்டோபைலட்ல போட்டுட்டு காக்பிட்ல இருந்த மொத்தப் பேரும் அந்த விளக்கைக் கழட்டறதுலயும் மாட்டறதுலயும் இறங்கிட்டாங்க. நடுவுல ஆட்டோபைலட்டோட உயரம் பிடிக்கற வேலை விட்டுப்போனதை யாரும் பாக்கல, பிளேன் மெதுவா இறங்கி சதுப்பு நிலத்துல மோதிடுச்சு. 101 பேர் செத்தாங்க. அப்புறம் பாத்தா மூக்கு வீல் ஒழுங்கா இறங்கி லாக் ஆகித்தான் இருந்துச்சு, எரிஞ்சு போனது பல்புதான். அத்தனை பேர் இருந்த காக்பிட்லயே இந்த நிலைன்னா, தனியா உக்காந்திருக்கற உங்களுக்கு என்னன்னு யோசிச்சுக்கோங்க.

அதனால லேண்டிங்கை விட்டுட்டு பவர் குடுத்து ஏறுங்க, கண்ட்ரோல் டவர் இருந்தா "கியர் இண்டிகேஷன் பிரச்சனை, கொஞ்சம் தள்ளிப்போய் பாத்துட்டு வரேன்"னு சொல்லுங்க, கூட்டமில்லாத இடத்துக்குப் போய் நேரா மட்டமா தானா பறக்கற மாதிரி ட்ரிம் பண்ணிட்டு அப்புறம் கையை வைங்க. ஒரு வேலை பண்ணுங்க, நிமிர்ந்து வெளிய பாருங்க, உயரம் ஸ்பீடு பாருங்க, அப்புறம் அடுத்த வேலை.

ஆரோல முதல்ல பாக்கவேண்டியது ரொம்ப சில்லறை விஷயம். நேவிகேஷன் லைட்டோ பேனல் லைட்டோ, மாடலைப் பொறுத்து, அது ஆன்ல இருந்துச்சுன்னா கியர் விளக்கெல்லாம் தானா மங்கிடும். ராத்திரி கண்ணு கூசக்கூடாதுன்னு வச்ச வசதி. பட்டப்பகல்ல அந்த மங்கல் வெளிச்சம் எரியாத மாதிரியே தெரியும், கையால வெயிலை மறைச்சுப் பாத்தாதான் தெரியும். மூணு விளக்கும் ஒட்டுமொத்தமா காணோம்னா முதல் சந்தேகம் இந்த ஸ்விட்ச் மேலதான் வரணும். ஒண்ணு மட்டும் வரலன்னா பல்பை மாத்திப் பாருங்க, மூணும் ஒரே மாதிரி பல்புதான், எரியற ஒண்ணைப் பிடுங்கி எரியாத இடத்துல சொருகினா விடை தெரிஞ்சுடும். பிடுங்கும்போது கீழ விட்டுடாதீங்க, சீட்டுக்கு அடியில உருண்ட பல்பைத் தேடறதுக்குன்னு குனிஞ்சா மறுபடி மயாமி கதைதான்.

பல்பு நல்லா இருக்குன்னா மாஸ்டர் ஸ்விட்ச் (மொத்த கரண்டுக்கும் ஒண்ணு), சர்க்யூட் பிரேக்கர், ஆல்டர்னேட்டர் (கரண்ட் தயாரிக்கறது) வேலை செய்யுதான்னு பாருங்க. பிரேக்கர் வெளிய வந்திருந்தா ஒரு தடவை உள்ள தள்ளிப் பாக்கலாம், மறுபடி வெளிய வந்தா விட்டுடுங்க, அது ஏதோ சொல்ல வருது. அப்புறம் ஸ்பீடு. கியர் இறக்கற ஸ்பீடுக்கு மேல போயிட்டிருந்தீங்களான்னு பாருங்க. இதெல்லாம் பாத்தும் பச்சை வரலன்னாதான் ஹேண்ட்புக்ல எமர்ஜென்சி எக்ஸ்டென்ஷன் (அவசரத்துல வீலை இறக்கற முறை) பக்கத்தைத் திறக்கணும்.

கேள்வி: ஒரு தடவை சரியா இறங்கலன்னா மேல தூக்கி மறுபடி இறக்கிப் பாக்கலாமா? கிளப்புல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

பதில்: ஆளுக்கொண்ணு சொல்றதுக்குக் காரணம் ரெண்டுமே சில நேரம் சரி. என் வழக்கம் இதுதான்: லீவரைப் போட்டதும் மோட்டாரோ பம்ப்போ சத்தமே வரல, எதுவுமே அசையலன்னா கரண்ட் பிரச்சனையா இருக்கலாம், திரும்பப் போட்டுப் பாக்கறதுல பெரிய நஷ்டமில்ல. ஆனா கரகரன்னு சத்தம் வந்துச்சு, ஏதோ இடிச்சுது, ரெண்டு காலு இறங்கி லாக் ஆயிடுச்சு ஒண்ணு மட்டும் பாதில நிக்குதுன்னா, மேல தூக்காதீங்க. எது வளைஞ்சிருக்கு எது உடைஞ்சிருக்குன்னு தெரியாம தூக்கினா உள்ள போய் சிக்கிக்கும், அப்புறம் கிடைச்ச ரெண்டு காலும் போயிடும். அங்கிருந்து நேரா ஹேண்ட்புக்ல இருக்கற கைமுறைக்கு (கையால வீலை இறக்கற முறை) போங்க.

அந்தக் கைமுறை ஒவ்வொரு பிளேன்லயும் ஒவ்வொரு மாதிரி, அதனாலதான் ஒண்ணுல பழகினது இன்னொண்ணுல உதவாது. ஆரோல வீலை மேல பிடிச்சு வச்சிருக்கறது ஹைட்ராலிக் பிரஷர் மட்டும்தான், மேல லாக் எதுவும் கிடையாது. எமர்ஜென்சி லீவரை அமுக்கினா பிரஷர் விட்டுப்போய் வீலெல்லாம் தன் பாரத்துல கீழ விழும். எண்ணெய் லீக் ஆனாக்கூட வீல் கீழதான் வரும், மேல மாட்டிக்காது, யோசிச்சு பண்ணின டிசைன். மூக்கு வீல் மட்டும் காத்தை எதிர்த்து முன்னாடி வரணும், அதனால ஸ்பீடை நல்லா குறைச்சாதான் அது முழுசா வந்து லாக் ஆகும். அப்பவும் ஆகலன்னா ரட்டரை (மூக்கை இடம் வலம் திருப்பற வால் துடுப்பு) இடம் வலமா உதைச்சு மூக்கை ஆட்டிப் பாக்கச் சொல்லி ஹேண்ட்புக்லயே இருக்கு. ஸ்டாலுக்கு (ரெக்கை தூக்கற பலத்தை இழக்கற நிலை) பக்கத்துல போய் உதைக்காதீங்க, அவ்ளோதான்.

பழைய செஸ்னா ரிட்ராக்டபிள்ல (வீல் மடங்கற மாடல்) ரெண்டு சீட்டுக்கு நடுவுல கைப்பம்ப் இருக்கும், கை கனக்கற வரைக்கும் அடிக்கணும். அதுக்கு சிஸ்டத்துல எண்ணெய் இருக்கணும்ங்கறது முக்கியம், எண்ணெய் மொத்தமும் வெளிய போயிருந்தா பம்ப் அடிச்சு கை வலிக்கறதுதான் மிச்சம்.

பீச் பொனான்ஸாதான் கொஞ்சம் வேடிக்கை. முன் சீட்டுக்குப் பின்னாடி ஒரு கைப்பிடி, அதை இடஞ்சுழியா கிட்டத்தட்ட 50 சுத்து சுத்தணும். பின்னாடி திரும்பி சுத்தும்போது இன்னொரு கையில இருக்கற யோக் (பிளேனோட ஸ்டீயரிங்) தன்னால சாயும், பிளேன் ஒரு பக்கமா வளைஞ்சு போக ஆரம்பிக்கும், நாலு சுத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பாத்தே ஆகணும். சுத்தறதுக்கு முன்னாடி கியர் மோட்டார் பிரேக்கரை இழுத்து விடறதை மறந்துடாதீங்க, நடுவுல மோட்டாருக்கு உயிர் வந்துச்சுன்னா அந்தக் கைப்பிடி உங்க விரலை முறிச்சுடும். கடைசி சில சுத்து டைட்டாதான் இருக்கும், அங்க வந்து "போதும்"னு விட்டுடறவங்க இருக்காங்க, அது நிக்கற வரைக்கும் சுத்தணும். கையால இறக்கிட்டா அதோட சரி, மெக்கானிக் பாக்கற வரைக்கும் மோட்டாரால மேல தூக்கறது கிடையாது.

கேள்வி: டவர் பக்கத்துல தாழ்வா பறந்து அவங்களைப் பாக்கச் சொல்றது பிரயோஜனமா? இல்ல நண்பர் ஒருத்தர் இன்னொரு பிளேன்ல பக்கத்துல வந்து பாத்தா இன்னும் தெளிவா தெரியுமே?

பதில்: டவர் சமாச்சாரம் ஓரளவுக்கு உதவும். வீல் முழுசா மேலயே இருக்கா, ஒரு கால் தொங்குதான்னு சொல்லுவாங்க. ஆனா "இறங்கின மாதிரி தெரியுது"ங்கறதுக்கு மேல அவங்களால சொல்ல முடியாது, லாக் ஆயிருக்கான்னு பைனாகுலர் வச்சுப் பாத்தாலும் தெரியாது. லாக் ஆகாத காலும் தூரத்துல இருந்து பாத்தா நேரா நிக்கற மாதிரிதான் இருக்கும்.

நண்பர் விஷயம் வேண்டவே வேண்டாம். 1991 ஏப்ரல் 4-ல அமெரிக்க செனட்டர் ஜான் ஹெய்ன்ஸ் போயிட்டிருந்த பைப்பர் ஏரோஸ்டார்ல மூக்கு வீல் விளக்கு வரல. அந்த வழியா வந்த ஒரு ஹெலிகாப்டர் நான் வந்து பாக்கறேன்னு கிட்ட போய் அடியில இருந்து பாத்தப்ப ரெண்டும் மோதிடுச்சு. பிலடெல்பியாவுக்குப் பக்கத்துல ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்து மேல விழுந்துச்சு, ரெண்டுலயும் இருந்த அஞ்சு பேரும், தரையில இருந்த ரெண்டு குழந்தைகளும் செத்துப்போனாங்க. மூக்கு வீல் நிஜமாவே இறங்கலன்னாலும் அந்த பிளேன் ரன்வேயில மூக்கைத் தேய்ச்சுட்டு நின்னிருக்கும், பெரும்பாலும் எல்லாரும் நடந்து வெளிய வந்திருப்பாங்க. ஃபார்மேஷன்ல (இன்னொரு பிளேனை ஒட்டி) பறக்கறது தனியா கத்துக்கவேண்டிய வித்தை, எமர்ஜென்சி நேரத்துல அதை முதல் தடவையா ட்ரை பண்றதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: எவ்ளோ நேரம் மேலயே சுத்தலாம்? எரிபொருள் தீர்ற வரைக்கும் சுத்திட்டு இறங்கினா தீப்பிடிக்கற பயம் இருக்காதுல்ல?

பதில்: கொஞ்சம் எரிச்சுட்டு வரலாம், தீர்க்கக்கூடாது. 1978 டிசம்பர் 28-ல யுனைடெட் 173 போர்ட்லண்ட் பக்கத்துல கியர் பிரச்சனையைப் பாத்துக்கிட்டே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சுத்தி, எரிபொருள் தீர்ந்து, எஞ்சின்லாம் நின்னு, ஊருக்குள்ள விழுந்துச்சு, 10 பேர் போயிட்டாங்க. காக்பிட்ல கேப்டன் கிட்ட மத்தவங்க எப்படி தைரியமா பேசணும்னு இப்ப சொல்லிக்குடுக்கற பாடமெல்லாம் பெரும்பாலும் இந்த விபத்துக்கு அப்புறம் பரவினதுதான். எஞ்சின் பவரோட நிதானமா ஒரு அப்ரோச் வர்றதுக்கும், அது சரியா வரலன்னா இன்னொண்ணுக்கும், அதுக்கு மேல கொஞ்சமும் டேங்க்ல இருக்கணும். பிரச்சனை ஆரம்பிக்கும்போதே "இத்தனை மணிக்கு எப்படி இருந்தாலும் இறங்கறேன்"னு ஒரு நேரத்தை முழங்கால் பேட்ல எழுதிடுங்க. இருட்டறதுக்கு முன்னாடியா இருக்கட்டும் அது.

கேள்வி: அண்ணா, கியர் இறக்கவே மறந்துட்டு இறங்கறவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஹாரன் அடிக்குமே, எப்படி மறக்கும்?

பதில்: வீல் இல்லாம வயித்துல இறங்கின பிளேன்கள்ல நிறைய, மெஷின்ல கோளாறே இல்லாதவைதான். பழைய ஜோக் ஒண்ணு உண்டு, டவர்ல இருந்து "கியர் இறங்கல, மேல போ மேல போ"ன்னு கத்தினாங்களே ஏன் கேக்கலன்னு விசாரிச்சா, "இங்க ஒரு ஹாரன் விடாம அடிச்சுட்டிருந்துச்சு, நீங்க பேசினது காதுல விழல"ன்னானாம். ஜோக்தான், ஆனா மனுஷ மூளை அப்படித்தான் வேலை செய்யுது, கவனம் வேற எங்கயோ இருந்தா காது மூடிக்கும்.

அதோட ஹாரன் பெரும்பாலும் த்ராட்டிலோட (எஞ்சின் பவர் லீவர்) சேர்ந்தது. நீங்க பவரை ஓரளவு வச்சுக்கிட்டே வந்தீங்கன்னா அது கடைசி வரைக்கும் வாயைத் திறக்காது, ரன்வேக்கு மேல வந்து பவரை மூடும்போதுதான் கத்தும், ஃப்ளேர்ல (தரை தொடறதுக்கு முன்னாடி மூக்கைத் தூக்கறது) அந்தச் சத்தத்தை ஸ்டால் ஹாரன்னு நினைச்சுக்கறவங்களும் உண்டு.

மறதி எப்ப வருதுன்னா வழக்கம் கலையும்போது. டவுன்விண்டுல (ரன்வேக்குப் பக்கவாட்டுல எதிர்த் திசையில போற கட்டம்) வழக்கமா இறக்கற இடத்துல டவர் கூப்பிட்டு "கொஞ்சம் தள்ளிப்போ, முன்னாடி ஒருத்தர் இருக்கார்"ங்கும், அவரைத் தேடற மும்முரத்துல கை லீவர் கிட்ட போகாது, மனசுல மட்டும் போட்டாச்சுன்னு பதிஞ்சிருக்கும். கோ-அரவுண்ட் (இறங்காம மேல ஏறிடறது) பண்ணிட்டு திரும்ப வரும்போதும் இதேதான். அதனால எரிபொருள், கியர், மிக்ஸ்ச்சர் (எரிபொருள்-காத்து கலவை), ப்ராப் (ப்ரொப்பெல்லர்), பெல்ட்னு, இங்கிலீஷ் முதல் எழுத்துகளைச் சேர்த்து கம்ப்ஸ்னு சொல்ற அந்த செக்கை டவுன்விண்டுல ஒண்ணு, பேஸ்ல (ரன்வே பக்கம் திரும்பற கட்டம்) ஒண்ணு, ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா வர்ற கட்டம்) ஒண்ணுன்னு பண்ணுங்க. வாய்விட்டு சொல்லி, லீவரைத் தொட்டு, விளக்கைப் பாத்து. தனியா இருக்கும்போதும் சத்தமாவே சொல்லுங்க, யாரும் கேக்கப்போறதில்ல. "கியர் அப் லேண்டிங் பண்ணினவன், இனிமே பண்ணப்போறவன்னு ரெண்டே வகை பைலட்"னு ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு பாருங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஆயுசு முழுக்க ஓட்டி ஒரு தடவை கூட வயித்துல இறங்காதவங்க எத்தனையோ பேர் இருக்காங்க.

இதோட இன்னொரு பாதியும் இருக்கு. இறங்கி ஓடிட்டிருக்கும்போது ஃபிளாப்பை (இறங்கும்போது ரெக்கைக்குப் பின்னாடி இறக்கற பலகை) மடக்கறேன்னு கியரை மடக்கறது. இரண்டாம் உலகப்போர்ல பி-17 குண்டுவீச்சு பிளேன் பைலட்டுங்க இப்படிப் பண்ணிட்டே இருந்தாங்க, அல்ஃபோன்ஸ் சப்பானிஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் வந்து பாத்தா கியர் கண்ட்ரோலும் ஃபிளாப் கண்ட்ரோலும் பக்கத்துல பக்கத்துல, தொட்டா ஒரே மாதிரி. கியருக்கு சக்கரம் மாதிரி ஒரு குமிழும் ஃபிளாப்புக்கு ஆப்பு மாதிரி ஒண்ணும் வைக்கச் சொன்னார். உங்க பிளேன்ல கியர் லீவர் நுனியில குட்டி சக்கரம் இருக்கறதுக்குக் காரணம் இதுதான். பழைய பொனான்ஸால ரெண்டு ஸ்விட்சும் மத்த பிளேன்களுக்கு நேர் மாறா இடம் மாறி இருக்கும், இதைப் பத்தி அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 1980-ல தனி அறிக்கையே போட்டுச்சு. தரையில இருந்தா கியர் மடங்காம தடுக்க ஸ்குவாட் ஸ்விட்ச் இருக்கு, உண்மைதான், ஆனா ரெக்கையில இன்னும் லிஃப்ட் இருந்து பாரம் வீல்ல முழுசா உக்காரலன்னா அது தடுக்காது. ரன்வேயை விட்டு வெளிய வந்து நிறுத்தற வரைக்கும் எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க.

கேள்வி: எல்லாம் பண்ணிப் பாத்தாச்சு, எதுவுமே இறங்கலன்னு வைங்க. தார் ரன்வேயா புல்தரையா? நுரை போடச் சொல்லணுமா? எஞ்சினை முன்னாடியே நிறுத்தி ப்ரொப்பெல்லரைக் காப்பாத்தலாமா?

பதில்: தார் ரன்வே. புல்லு மெத்துன்னு இருக்கும்னு தோணும், ஆனா மண்ணு மேடு பள்ளத்துல ஏதாவது ஒரு பாகம் குத்திக்கிட்டா பிளேன் சட்டுனு திரும்பிடும் இல்ல நின்னுடும். தார்ல வழுக்கிட்டுப் போய் நேரா நிக்கும், பொறி பறக்கும், பாக்க பயங்கரமா இருக்கும், உள்ள இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நுரை போடற பழக்கம் ஒரு காலத்துல இருந்துச்சு, இப்ப அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏ கூட அதைச் சிபாரிசு பண்றதில்ல, தீயணைப்பு வண்டி நுரையை நிஜமாவே தீ வந்தா அடிக்க வச்சிருக்கறதுதான் புத்திசாலித்தனம். வண்டியும் ஆளும் இருக்கற, நீளமான ரன்வே உள்ள ஏர்போர்ட்டா பாத்துப் போங்க, எமர்ஜென்சின்னு சொல்லத் தயங்காதீங்க.

எஞ்சினை நிறுத்தற விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கோவம் வரும். இண்டர்நெட்ல வீடியோ போட்டிருக்காங்க, ஃபைனல்ல மிக்ஸ்ச்சரை இழுத்து, ஸ்பீடை ஸ்டால் கிட்ட வரைக்கும் குறைச்சு, ப்ராப் நின்னதும் ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி பிளேடைப் படுக்க வச்சு, கீழ கைத்தட்டு வேற. இத்தனையும் எதுக்கு? ப்ராப்புக்கும் எஞ்சினுக்கும் இன்சூரன்ஸ் இருக்கு, உங்க முதுகெலும்புக்கு மாத்து கிடையாது. நூறு அடியில பவர் இல்லாத பிளேனை ரன்வேக்கு முன்னாடியே விட்டுட்டீங்கன்னா வயித்துல இறங்கற சாதாரண விஷயம் பெரிய விபத்தா மாறிடும். கியர் இறங்காதுன்னு தெரிஞ்ச நிமிஷத்துல அந்த பிளேன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொந்தம்னு நினைச்சுக்கோங்க, நீங்க காப்பாத்தவேண்டியது உள்ள இருக்கற ஆளுங்களை மட்டும்தான்.

வேற என்ன பண்ணணும்னா, பெல்ட்டை இறுக்குங்க, கையில பையில இருக்கற கூர்மையான சாமானையெல்லாம் பின்னாடி கட்டி வைங்க, ஹேண்ட்புக் அனுமதிச்சா கதவை இறங்கறதுக்கு முன்னாடியே தாழ் நீக்கி இடுக்குல ஏதாவது வச்சுடுங்க, பிளேனோட உடம்பு வளைஞ்சா கதவு சிக்கிக்கும். சாதாரண அப்ரோச், ஃபிளாப் ஹேண்ட்புக் சொன்ன அளவு, முடிஞ்ச அளவு மெதுவா, மூக்கு லேசா தூக்கி. ரன்வே கண்டிப்பா கிடைச்சுடுச்சுன்னு ஆனதும் மிக்ஸ்ச்சர், எரிபொருள், மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தர்றது), மாஸ்டர்னு வரிசையா நிறுத்துங்க. மின்சார ஃபிளாப்னா அது வந்து முடிஞ்சப்புறம் மாஸ்டர். வழக்கமா வீல் இருக்கற உயரத்துக்கும் கீழ போகும்போது "இன்னும் தரை வரலையே"ன்னு ஒரு தடுமாற்றம் வரும், அப்ப இழுத்துடாதீங்க, மிதக்கும், பொறுமையா இருங்க.

கேள்வி: ஒரு பக்க வீல் மட்டும் இறங்கி லாக் ஆயிடுச்சு, இன்னொண்ணு வரல. இது மொத்தமா இறங்காததை விட மோசமா?

பதில்: மோசம்தான். இறங்கினதைத் திரும்ப மேல தூக்க முடிஞ்சா தூக்கிட்டு வயித்துல இறங்கறது நல்லதுன்னு பல ஹேண்ட்புக்ல இருக்கு. (மேல தூக்காதீங்கன்னு முன்னாடி சொன்னீங்களேன்னு கேக்காதீங்க, அது கைமுறையெல்லாம் முயற்சி பண்றதுக்கு முன்னாடி, இது எல்லாம் தோத்த பிறகு.) தூக்க முடியலன்னா அகலமான ரன்வே தேடுங்க. இடது வீல் இருக்கு வலது இல்லன்னா, வேகம் குறைஞ்சதும் வலது ரெக்கை விழுந்து பிளேன் வலது பக்கம் இழுத்துட்டுப் போகும், அதனால ரன்வேயோட இடது பக்கமா இறங்கினா அது திரும்பறதுக்கு இடம் கிடைக்கும். அய்லரானால (பிளேனை இடம் வலம் சாய்க்கற ரெக்கை மடல்) ரெக்கையை எவ்ளோ நேரம் தூக்கிப் பிடிக்க முடியுமோ பிடிங்க. மூக்கு வீல் மட்டும் இல்லன்னா ரொம்ப லேசு, பின் வீல்ல இறங்கி மூக்கைத் தூக்கியே வச்சிருந்து, எலிவேட்டருக்கு (மூக்கைத் தூக்கற வால் மடல்) பலம் இருக்கும்போதே மெதுவா இறக்கி வைங்க, பிரேக் போடாதீங்க.

கேள்வி: தரையை ப்ராப் தொட்ட சத்தம் கேட்டுச்சுன்னா உடனே பவர் குடுத்து மேல போயிடலாமா? வளைஞ்சாலும் கொஞ்ச தூரம் பறக்காதா?

பதில்: போகாதீங்க. தொட்டாச்சுன்னா இறங்கியாச்சு. வளைஞ்ச பிளேடு எவ்ளோ தள்ளும், எஞ்சின் எவ்ளோ நேரம் ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாது. 2020 மே 22-ல கராச்சியில பாகிஸ்தானோட பிஐஏ 8303 பயணிகள் ஜெட் கியர் இல்லாம ரன்வேயில எஞ்சினைத் தேய்ச்சுட்டு மேல போச்சு, கொஞ்ச நேரத்துல ரெண்டு எஞ்சினும் நின்னு குடியிருப்புல விழுந்துச்சு, உள்ள இருந்த 99 பேர்ல 97 பேர் போயிட்டாங்க. ரன்வேயிலயே நின்னிருந்தா கதையே வேற.

இதே மாதிரி, லேசா தட்டினதுதானேன்னு ப்ராப்பை மட்டும் மாத்திட்டுப் பறக்கறதும் கூடாது. லைக்கமிங் எஞ்சின்ல ப்ராப் அடிபட்டா பின்பக்கம் கிராங்க்‌ஷாஃப்ட் பல்சக்கரத்தைத் திறந்து பாக்கணும்னு எஃப்ஏஏ 2004-ல கட்டாயமாக்கி உத்தரவே போட்டிருக்கு. அந்தப் பல்சக்கரம் விட்டுப்போச்சுன்னா எஞ்சின் சுத்தமா நின்னுடும்.

கேள்வி: எங்கிட்ட இருக்கறது செஸ்னா 172, வீல் மடங்காது. எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லதானே? ஆனா இறங்கி ஓடும்போது மூக்கு வீல் பயங்கரமா நடுங்குது.

பதில்: மறக்கற கவலை இல்ல, அவ்ளோதான். அந்த நடுக்கத்துக்கு ஷிம்மின்னு பேரு. அதை அடக்கற ஷிம்மி டேம்பர்ல எண்ணெய் குறைஞ்சிருக்கலாம், டார்க் லிங்க் (வீல் கால்ல இருக்கற மடக்கு இணைப்பு) புஷ் தேஞ்சிருக்கலாம், டயர் பேலன்ஸ் இல்லாம இருக்கலாம், காத்து சரியில்லாம இருக்கலாம். நடுங்க ஆரம்பிச்சா யோக்கை இழுத்து மூக்கு மேல பாரம் குறைங்க, அப்போதைக்கு அடங்கும். ஆனா நிறைய நேரம் டேம்பர் மேல பழி போட்டு மாத்திட்டு வந்துடறாங்க, அடுத்த மாசம் மறுபடி நடுங்குது, தேஞ்ச புஷ் அப்படியே இருக்கும். மூக்கு வீலைக் கையால இடம் வலம் ஆட்டிப் பாத்தா லொடலொடன்னு ஆடற இடம் தெரியும். மூக்கு ஸ்ட்ரட் (வீலுக்கு மேல இருக்கற ஷாக் அப்சார்பர்) உக்காந்து போயிருந்தாலும் சரி பண்ணாம பறக்காதீங்க, ப்ராப்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி அதை நம்பித்தான் இருக்கு. மூக்கைக் குத்தி இறங்கினதுக்கு அப்புறம் ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) சுருக்கம் விழுந்திருக்கான்னு பாருங்க, வெளிய ஒண்ணுமே தெரியாது, உள்ள தகரம் மடங்கியிருக்கும்.

கேள்வி: தண்ணியிலயும் தரையிலயும் இறங்கற பிளேன் வாங்கற யோசனை. அதுல கியர் பிரச்சனை எப்படி?

பதில்: நேர் தலைகீழ். தரையில வீல் இல்லாம இறங்கினா ஃபுளோட் (தண்ணியில மிதக்க வைக்கற பாகம்) அடி தேயும், பணம் போகும். தண்ணியில வீலோட இறங்கினா வீல் தண்ணியில குத்தி பிளேன் குப்புறக் கவிழும், ஆளுங்க தலைகீழா தொங்கிக்கிட்டு தண்ணிக்குள்ள கதவைத் தேடணும். உயிர் போறது இங்கதான். தரையில இருந்து கிளம்பி வீலை மடக்காமலேயே பறந்து போய் ஏரியில இறங்கறதுதான் வழக்கமா நடக்கற தப்பு. அதனால "வீல் டவுன்"னு மந்திரம் மாதிரி சொல்லிப் பழகினவங்க இதுல புதுசா பழகணும்: "இது தண்ணி, நாலு வீலும் மேல"ன்னு எந்தப் பரப்புன்னு சேர்த்து சொல்லணும், கண்ணால எட்டிப் பாக்கணும். தண்ணிக்கு நீலம், ரன்வேக்குப் பச்சைன்னு விளக்கு வச்சது பல ஃபுளோட்ல இருக்கு. நீருக்கடியில வெளிய வர்ற ட்ரெய்னிங் ஒண்ணு இருக்கு, பிளேனை வாங்கறதுக்கு முன்னாடியே அதை முடிச்சுடுங்க.

கேள்வி: நான் பைலட் இல்ல. என் வீட்டுக்காரர் பொனான்ஸா ஓட்டுவார், நான் பக்கத்துல உக்காந்து போவேன். இப்படி ஒண்ணு ஆனா நான் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கறதைத் தவிர என்ன பண்ண முடியும்?

பதில்: நிறைய பண்ணலாம்மா, இந்த இதழ்லயே எனக்குப் பிடிச்ச கேள்வி உங்களோடதுதான். அவர் விளக்கையும் பிரேக்கரையும் பாக்கும்போது நீங்க வெளிய பாருங்க, வேற பிளேன் வருதான்னு. உயரம் காட்டற மீட்டர் எதுன்னு இப்பவே அவரைக் கேட்டு வச்சுக்கோங்க, அதுல முள்ளு இறங்க ஆரம்பிச்சா சத்தமா சொல்லுங்க, கோவப்பட்டாலும் பரவாயில்ல. செக்லிஸ்ட்டை நீங்க ஒவ்வொரு வரியா படிங்க, அவர் பண்ணட்டும், ஒரு வரி முடிஞ்சதும் அடுத்தது. அந்த 50 சுத்து கைப்பிடியை நீங்களே சுத்தலாம், அவர் பிளேனை நேரா பிடிச்சுக்கட்டும், தரையில நிக்கும்போது அது எங்க இருக்கு எப்படி விரியுதுன்னு ஒரு தடவை காட்டச் சொல்லுங்க (சுத்திப் பாக்காதீங்க). அவர் எழுதி வச்ச நேரம் வந்துடுச்சுன்னா நீங்கதான் ஞாபகப்படுத்தணும், அந்த நேரத்துல அவருக்கு "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னுதான் தோணும்.

முக்கியமா கதவு. நிறைய பொனான்ஸால, ஆரோல எல்லாம் முன்னாடி கதவு ஒண்ணே ஒண்ணுதான், அது உங்க பக்கம், வலது பக்கத்துல இருக்கு. அதாவது பிளேன் நின்னதும் முதல்ல வெளிய போகவேண்டியது நீங்க, நீங்க போனாதான் அவர் வரமுடியும். அந்தக் கதவை உள்ள இருந்து எப்படித் திறக்கறதுன்னு கண்ணை மூடிக்கிட்டு திறக்கற அளவுக்குப் பழகுங்க, வழக்கமா அவரே சாத்தி அவரே திறந்து விட்டுடுவார், அதுதான் சிக்கல். ரெக்கை மேல ஏறி பின்பக்கமா இறங்கி ஓடுங்க, ப்ராப் நின்னிருந்தாலும் முன்பக்கம் போகவேண்டாம், பர்ஸையும் போனையும் எடுக்க திரும்ப உள்ள போகவேண்டாம்.